பத்தாவது சனாதிபதித் தேர்தலும் ஊவா மலையகத் தமிழரும்

(எல்ல நகரில் ஆசிரியர்களும் கமக்காரர்களும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேர்தல் நாள் குறிக்கப்படவில்லை. வேட்பு மனு எதுவும் தாக்கலாகவில்லை. அதற்குள் வேட்பாளரைப் பற்றிப் பேச வேண்டிய அவசரம் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவசரம் இருக்கிறது. 2024 செப்டம்பர் 23ஆம் நாள் பதவியேற்ற சனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் பதவிக் காலம் ஐந்து ஆண்டு. கணக்குப்படி 2029இல் தேர்தல் வரவேண்டும். ஆயினும், முதன்முறை பதவியிலிருக்கும் சனாதிபதி நான்கு ஆண்டு கழிந்ததும், தாம் விரும்பிய வேளையில் மக்களிடம் மறுபடியும் ஆணை கேட்கலாம் என்று அரசியலமைப்பு இடங்கொடுக்கிறது. ஆகவே 2028 செப்டம்பருக்குப் பின்னர் எந்த நாளிலும் அந்த அறிவித்தல் வரலாம். நாள் குறித்த பின்னர் நமக்குக் கிடைப்பவை சுவரொட்டியும் ஒலிபெருக்கியுந்தான். யோசிப்பதற்கு உரிய காலம் இதுவே.

சனாதிபதி ஆட்சிமுறையையே ஒழிப்போம் என்று 2024இல் தேசிய மக்கள் சக்தி வாக்குக் கொடுத்தது. 1994இல் சந்திரிகா குமாரதுங்கவும் 2015இல் மைத்திரிபால சிறிசேனவும் இதே வாக்கைக் கொடுத்தவர்களே. இம்முறை அது நிறைவேறுமானால் மகிழ்ச்சி. நிறைவேறும் வரையில், ஒரு மனிதரின் கையொப்பம் நம் வாழ்வை மாற்றக்கூடிய நாட்டில் நாம் இருக்கிறோம் என்பதை மறத்தலாகாது.

அது எத்தகைய மாற்றம் என்பதை வெலிமடையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வந்திருக்கும் கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019இல் கோத்தாபய ராஜபக்சவின் தேர்தல் விஞ்ஞாபனம், சேதனப் பசளைக்குப் பத்தாண்டுக் காலத்தில் படிப்படியாக மாறுவோம் என்று சொன்னது. பதுளை மாவட்டத்தில் அவரே முதலிடம் பெற்றார். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. பத்து ஆண்டு என்றது பத்து நாளாகக்கூட நீடிக்கவில்லை. உருளைக்கிழங்கும் தேயிலையும் பட்ட பாட்டை நீங்கள் கண்ணாரக் கண்டீர்கள். அதே ஆண்டின் இறுதியில் தடை நீங்கியது. போன போகம் திரும்பவில்லை. விஞ்ஞாபனத்தைப் படிப்பது நல்ல பழக்கம். அதை எழுதியவரைத் தடுத்து நிறுத்தக் கூடியவர் அவரருகில் எவரேனும் உண்டா என்று பார்ப்பது அதனினும் நல்ல பழக்கம்.

நிற்க. வேட்பாளரை — முன்னாளில் அபேட்சகர் என்போம். இப்பொழுது அச்சொல் வழக்கொழிந்தது — நாம் எவ்வாறு நிறுத்துப் பார்த்து வந்திருக்கிறோம்? 1982 முதல் 2024 வரை ஒன்பது சனாதிபதித் தேர்தல்கள் நடந்துள்ளன. முதல் தேர்தலில் நம்மவரிற் பெரும்பாலோர் வேடிக்கை பார்த்தவர்களே. 1947இல் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அந்தக் கதவை அடைத்தன. 1964 ஒப்பந்தத்தில் 975,000 மனிதரை இரு நாடுகள் தராசிலிட்டுப் பங்கு பிரித்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றவர் என்ற பெயர் நம்மைவிட்டு நீங்கிற்று. வாக்குச் சீட்டின் அருமையை வேறெவரைக் காட்டிலும் நாம் அறிவோம்.

அத்தனை அருமையான சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் நாம் கேட்ட கேள்வி ஒன்றே: "யார் வெல்வார்? அவர் பக்கம் நின்றால் நமக்கு ஓர் அமைச்சுக் கிடைக்குமா?" தோட்டக் கமிட்டி முதல் தலைமைக் காரியாலயம் வரை இதே பேச்சு. 2005இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தது, அவர் தோற்றார், பின்னர் அது வென்றவரின் அரசாங்கத்திற் சேர்ந்தது. 2015இல் மகிந்த ராஜபக்சவுடனும், 2019இல் கோத்தாபயவுடனும், 2024இல் மீண்டும் ரணிலுடனும் நின்றது. தமிழ் முற்போக்குக் கூட்டணியினர் 2015இல் மைத்திரிபாலவுடனும், 2019இலும் 2024இலும் சஜித் பிரேமதாசவுடனும் நின்றனர். இவர்களைக் குறைகூற இங்கு நான் வரவில்லை. அமைச்சுப் பதவியால் வீதியும் பாடசாலையும் வீடும் சிறிதளவேனும் கிடைத்தன என்பது உண்மை. ஆனால், தலைவர் ஏறிய மேடை ஒன்றாகவும், நுவரெலியா மாவட்டத்து மக்கள் இட்ட புள்ளடி வேறாகவும் இருந்ததை 2015 முதல் மூன்று தேர்தல்களிலும் பார்த்தோம். மக்கள் தாமே யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த யோசனைக்கு ஒழுங்கான ஓர் அளவுகோல் வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த மாவட்டத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டு அம்மக்கள் எங்கே போவது? லயத்தைத் தவிர அவர்களுக்கு ஒரு சாண் நிலமுண்டா? பெயர்ந்து போங்கள் என்று சொன்னவர் எவரும், இன்ன இடத்துக்குப் போங்கள், அந்த நிலம் உங்களுடையது என்று சொல்லவில்லை. சரிவு நடந்து மூன்று வாரத்தில் சனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையிற் படுத்திருக்க, இந்த மலைகளெங்கும் மேடைகள் எழும்பின.

2015 சனவரி 8ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. பதுளை மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேன பெற்றவை 249,524. மகிந்த ராஜபக்ச பெற்றவை 249,243. இடைவெளி 281. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட செல்லுபடியான வாக்குகளில் இடைவெளி 281! ஒரு சிறு தோட்டத்தின் ஒரு டிவிசனிலே அத்தனை வாக்கு இருக்கும். இம்மாவட்டத்திற் சனத்தொகையின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் மலையகத் தமிழர், தாம் எந்தத் தட்டில் ஏறினாலும் தராசு சாயும் என்பதை அன்று கண்டார்கள். சனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. மாவட்ட முடிவால் மட்டும் எவரும் சனாதிபதியாவதில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் பதுளைக்கு வரும் எந்த வேட்பாளரும் அந்த 281ஐ மறந்து வரமாட்டார். நாம் அதை மறந்து அவரை வரவேற்கலாமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மறுபடியும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. மறுபடியும் உயிர்கள் போயின. பதினொரு ஆண்டு இடைவெளியில் நான்கு சனாதிபதிகள் வந்திருந்தார்கள். சரிவு லயத்தையும் கிராமத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. சிங்களச் சகோதரரும் மாண்டார்கள். ஆயினும் அபாயமான மண்ணைவிட்டு வேறிடத்திற் குடியேற, கையிற் காணி உறுதி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. இழந்ததற்கு ஈடு கேட்பதற்கே முதலில் ஒன்றை உடைமையாகப் பெற்றிருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே நான் சொல்லும் அளவுகோல் காணி. சம்பளத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் சம்பளம் தேர்தல் தோறும் ஏலம் போடப்படும் பொருளாகிவிட்டது. 2019இல் 1,000 ரூபா என்றார்கள். சம்பள நிர்ணய சபையின் வழியாக அது 2021 மார்ச் மாதத்தில் வந்தது. வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைவிட்டு விலகின. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்றார். வழக்கு, தடை, வர்த்தமானி வாபஸ் என்று அலைந்து, தேர்தல் மாதமாகிய செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என முடிந்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அநுர குமார திசாநாயக்க அதை 1,550 ரூபாவாக்கி, வரவுக்கென அரசாங்கம் 200 ரூபா கொடுக்கும் என்றார், ஆக 1,750. ஒவ்வொரு தொகையும் அரிசி விலைக்குப் பின்னாலே ஓடுகிறது. நிலம் அப்படியல்ல, ஒருமுறை கைக்கு வந்தால் பேரனுக்கும் நிற்கும்.

இந்த நிலம் யாருடையது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்பின் தோட்டங்கள் அரசுக்குரியவை. 1992இல் அவை பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. குத்தகை 53 ஆண்டு, 2045இல் முடிகிறது. 2029இல் தெரிவாகும் சனாதிபதி 2034 வரை இருப்பார். குத்தகை முடிவதைப் பற்றிய பேச்சு அவர் காலத்திலோ அவருக்கு அடுத்தவர் காலத்திலோ தொடங்கியே தீரும். கம்பனிகள் இன்றே கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தால் எனக்கு வியப்பில்லை. நாம் தொடங்கினோமா?

இனி, வரக்கூடியவர்களைப் பார்ப்போம். எல்லோரும் வருவார்கள் என்றும் சொல்வதற்கில்லை, இவர்கள்தாம் என்றும் சொல்வதற்கில்லை.

அநுர குமார திசாநாயக்க மறுபடியும் வருவாரானால், ஆட்சிக் கணக்கோடு வர வேண்டியவர் அவர். 2023 அக்டோபரில் அவர் இயக்கம் ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்டு, மலையகத் தமிழரை இந்நாட்டின் தனியொரு மக்களாக ஏற்றுப் பேசியது. 2024 நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தலில் அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் ஆகிய மலையகத் தமிழர் இருவர் அவர் கட்சியில் இம்மாவட்டத்திலிருந்து தெரிவானார்கள். லயத்து மகள் ஒருத்தி பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனதை நான் சிறிதாக எண்ணவில்லை. 2025 அக்டோபர் 12ஆம் நாள் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் வழங்கும் விழாவுக்கும் அவர் வந்தார். உங்களிற் பலர் அங்கே போயிருப்பீர்கள். அந்த வீடுகள் இந்திய உதவியால் அமையும் 10,000 வீடுகளைச் சேர்ந்தவை. அவற்றை இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தது 2017 மே மாதத்தில், நோர்வூட் மைதானத்தில். அறிவித்தலுக்கும் பத்திரத்துக்கும் இடையில் எட்டு ஆண்டு! இந்தத் தாமதத்தில் எவருக்கெவருக்குப் பங்குண்டு என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். பத்திரம் பெற்றவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று: அதை மடித்துப் பெட்டியில் வைக்காமல், எழுத்தறிந்த ஒருவரைக் கொண்டு வாசியுங்கள். அந்த நிலத்தை மகளுக்கு எழுதி வைக்கலாமா? வங்கியில் ஈடு வைக்கலாமா? தோட்ட வேலையை விட்டாலும் அது உங்களுடையதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது உறுதி. அன்றேல் அது உறுதிமொழி. அடுத்த தேர்தலில் அவருக்கு வாக்களிப்பதா என்பதற்கு விடை அந்தத் தாளிலேதான் இருக்கிறது.

சஜித் பிரேமதாச 2019இலும் 2024இலும் இரண்டாமிடம் பெற்றவர். நாடு தழுவிய அலை வேறு பக்கம் வீசிய 2024இலும் பதுளை மாவட்டம் அவரையே முதலில் வைத்தது. தோட்டத் தொழிலாளரைத் தேயிலைச் சிறு தோட்ட உடைமையாளர் ஆக்குவேன் என்பது அவர் சொன்ன வார்த்தை. எல்லா வேட்பாளரும் சொன்னவற்றுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது அதுவே. நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதியை இன்று சிறு தோட்டக்காரரே விளைவிக்கிறார்கள். காலியிலும் மாத்தறையிலும் முடிந்தது ஊவாவில் முடியாதா? ஆனால் எந்தச் சட்டத்தால், எந்தக் கம்பனியின் எந்த நிலத்தை, 2045க்கு முன்னா பின்னா, ஒரு குடும்பத்துக்கு எத்தனை ஏக்கர்? இவற்றுக்கு இலக்கத்தோடு விடை வேண்டும். இன்று பேச்சு 7 பேர்ச்சிலும் 10 பேர்ச்சிலும் நிற்கிறது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். 7 பேர்ச் வீதம் ஓர் ஏக்கரில் இருபத்திரண்டு வீட்டாரை அடைக்கலாம். வீட்டுக்குப் போக, கறிவேப்பிலை மரத்துக்கே இடம் தேட வேண்டியிருக்கும். உடைமையாளர் என்ற சொல் அதற்குப் பொருந்தாது.

நாமல் ராஜபக்ச 2024இல் நூற்றுக்கு மூன்று வாக்குக்கூடப் பெறவில்லை. ஆனால் வயது அவர் பக்கம் இருக்கிறது, கட்சியும் இருக்கிறது. அவர் இங்கு வரும்போது பசளையைப் பற்றியும், 2022இல் நாடு கண்ட வரிசைகளைப் பற்றியும் முதலிற் பேசட்டும். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய தந்தையும் சிறிய தந்தையரும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள் என்று தீர்ப்பளித்தது. தந்தையின் வினைக்கு மகனைத் தண்டிப்பது நியாயமில்லை. தந்தையின் கொள்கையை மகன் கைவிட்டாரா என்று கேட்பது முழு நியாயம்.

ரணில் விக்கிரமசிங்க 1949இற் பிறந்தவர். 2029இல் எண்பது வயது. அவர் வந்தாலும் வராவிட்டாலும், 2024இல் அவருக்குக் கிடைத்த 17 வீத வாக்கு எங்கே போகும் என்பதே பெரிய கேள்வி. காங்கிரசின் வழியாக மலையக வாக்கும் அதற்குள் உண்டு.

இந்த இடத்திலேதான் நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் அரைப்பங்குக்கு மேல் கிடைக்காவிட்டால், முதலிருவர் நீங்க ஏனையோர் விலக்கப்பட்டு, அவர்களின் சீட்டுகளிலுள்ள இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் எண்ணப்படும். நாற்பது ஆண்டுக்கு மேலாகச் சட்டத்திற் கிடந்த இந்த விதி 2024இலேதான் முதன்முறை வேலைக்கு வந்தது. அநுர குமார 5,634,915, சஜித் 4,363,035. மற்றவர்களுக்குப் போன வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து விருப்ப வாக்காக முன்னவருக்கு வந்தவை 105,264. பின்னவருக்கு வந்தவை 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. அதாவது நூற்றுக்கு எட்டு! மற்றத் தொண்ணூற்றிரண்டும் அந்த இருவருள் எவரையும் சேராமல் உதிர்ந்தன. படித்தவர் நிறைந்த நாடு என்று பெருமை பேசுகிறோம். தாளில் இரண்டு என்று ஓர் எண்ணை எழுத நம்மில் எத்தனை பேருக்கு யாரேனும் சொல்லிக் கொடுத்தார்கள்?

இதனால் நமக்கு என்ன? மலையகத்திலிருந்து தனி வேட்பாளர் நிற்கலாமா என்ற கேள்வி 2024இல் எழுந்தது. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜா நின்றார். பெற்றவை மிகச் சொற்பம். வடக்கு கிழக்கின் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 226,000க்கு மேல் பெற்றார். தனி வேட்பாளருக்கு இடும் வாக்கு வீண் என்ற பேச்சு, இரண்டாம் விருப்பத்தை இடாதவருக்கு மட்டுமே பொருந்தும். ஒன்று நம்மவருக்கு, இரண்டு நாம் ஒப்பந்தம் செய்துகொண்ட பெரிய வேட்பாளருக்கு என்று இட்டால், கடைசி எண்ணிக்கையில் அவ்வாக்கு முழு மதிப்போடு போய்ச் சேரும். இதில் ஆபத்தும் உண்டு. நாம் விரும்பும் பெரியவர் முதல் எண்ணிக்கையில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டால் அவரே விலக்கப்படுவார். நம் இரண்டாம் விருப்பமும் அவரோடு போகும். 2024இல் இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையில் இருபது இலட்சம் வாக்கு இடைவெளி இருந்தது. 2029இல் எப்படியிருக்குமென்று எவர் அறிவார்? ஆகவே, காணி பற்றிய எழுத்து மூலமான உடன்படிக்கை ஒன்றை முன்னரே பெற்று, அதை எல்லாத் தோட்டங்களிலும் பகிரங்கமாக வாசித்துக் காட்டினாலன்றித் தனி வேட்பாளரை நிறுத்துவதில் பயனில்லை என்பது என் கருத்து. உடன்படிக்கை கையில் வந்துவிட்டால், தனி வேட்பாளர் இல்லாமலே காரியம் முடிந்தாலும் முடியும். சங்கம் எத்தனை, கூட்டணி எத்தனை என்று நாம் பிரிந்திருப்பதால் இது கடினம் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 281 வாக்கு வித்தியாசத்தைக் கண்ட மாவட்டத்துக்கு இந்தக் கடினத்தைத் தாங்கும் தெம்பு இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் அரசாங்க ஊழியர்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். பிரட்டுக்களத்தில் மாதிரி வாக்குச் சீட்டை வைத்துக்கொண்டு 1, 2, 3 என்று எழுதக் கற்றுக் கொடுங்கள். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டிற் கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 2024இல் நாடெங்கும் 300,300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. அவற்றுள் நம் தாய்மார்களின் சீட்டு எத்தனையோ!

வாக்காளர் இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுகிறது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பெயர் தோட்டத்து முகவரியில் இருக்கிறதா என்று இந்த வாரமே கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். பதினெட்டு நிறைந்தவருக்கு அடையாள அட்டை எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை இருந்தால் திருத்துவதற்கே மாதக் கணக்காகும். வாக்களிக்கப் போகிறவருக்குத் தொலைவுக்கேற்பச் சம்பளத்தோடு விடுமுறை தர முதலாளி கடமைப்பட்டவர். எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தின் மாதிரியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும், வாசலருகே இருக்கும் தம்பியிடம் ஆளுக்கொன்று பெற்றுச் செல்லுங்கள்.